கேட்டில் காலியாகும் கடைசி சீட் யாருக்கு? ‘ஸ்டாண்ட்பை’ வரிசையில் பயணிக்குச் சொல்லப்படாத கணக்கு

சென்னையில் இருந்து தோஹா வழியாக சிகாகோவின் ஓ'ஹேர் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறார் ஓர் ஐடி ஊழியர் என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸுக்கு அடுத்த விமானம். நடுவில் மூன்று மணி நேரம் இருக்கிறது, தாராளம் என்றுதான் டிக்கெட் போடும்போது நினைத்திருப்பார். ஆனால் தோஹா விமானம் ஒரு மணி நேரம் தாமதம். அதோடு, அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே இமிக்ரேஷன் முடிக்க வேண்டும். பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடி பெட்டியைப் போட்டு, மறுபடி செக்யூரிட்டி வரிசையில் நிற்க வேண்டும். எல்லாம் முடித்து மூச்சிரைக்க கேட்டுக்கு ஓடிவந்தால், கதவை மூடியாச்சு.

கவுன்ட்டரில் இருப்பவர் பதற்றமே இல்லாமல் சொல்கிறார்: “நாளைக் காலை 7 மணி விமானத்தில் உங்களுக்கு சீட் உறுதி. இன்று ராத்திரி இன்னும் இரண்டு விமானம் இருக்கு. ரெண்டுலயும் ஸ்டாண்ட்பை லிஸ்ட்டில் போட்டிருக்கேன்.”

கேட்டுக்கு மேலே தொங்கும் திரையில் அவர் பெயர் மூன்றாவது இடத்தில் இருக்கிறது. பரவாயில்லை, நம்பிக்கை வருகிறது. காபி வாங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஐந்தாவது இடம். குறுக்கே யாரும் வந்து நின்ற மாதிரியே தெரியவில்லை. பிறகு எப்படி பின்னுக்குப் போனார்?

இந்தக் கேள்விக்கு எல்லா விமான நிறுவனங்களிடமும் பதில் இருக்கிறது. கேட்டில் நிற்கும் பயணியிடம் மட்டும் அது இல்லை.

ஸ்டாண்ட்பை என்றால் என்ன?

சுருக்கமாகச் சொன்னால், ‘இந்த விமானத்தில் உங்களுக்கு சீட் இல்லை, ஆனால் கடைசி நேரத்தில் காலியானால் தருகிறோம், கேட்டிலேயே காத்திருங்கள்’ என்பதுதான் ஸ்டாண்ட்பை. அமெரிக்க உள்நாட்டுப் பயணத்தில் இது தினசரி நடக்கும் விஷயம். ஒரே ஊருக்கு ஒரு நாளில் ஐந்தாறு விமானம் விடும் நாட்டில்தான் இந்த முறைக்கு அர்த்தமே இருக்கிறது. வாரத்துக்கு மூன்று விமானம் போகும் ஊருக்கு ஸ்டாண்ட்பையில் நின்று என்ன பயன்?

மீட்டிங் சீக்கிரம் முடிந்துவிட்டது, இரவு 9 மணி விமானத்துக்குப் பதில் மாலை 5 மணிக்கே கிளம்பலாமா என்று கேட்பவர்கள் ஒரு வகை. அமெரிக்கன், யுனைடெட் போன்ற பெரிய நிறுவனங்கள் முன்பு இதற்குத் தனியாகப் பணம் வாங்கின. 2020-ல் கொரோனா காலத்தில் டிக்கெட் மாற்றும் கட்டணத்தைக் கைவிட்டபோது, அதே நாளில் வேறு விமானத்துக்கு ஸ்டாண்ட்பை நிற்பதையும் இலவசமாக்கின. இந்த வகைப் பயணிக்கு ஆபத்து எதுவும் இல்லை. புது விமானத்தில் இடம் கிடைக்கும்வரை பழைய சீட் அவர் பெயரிலேயே இருக்கும். கிடைக்கவில்லையா, 9 மணி விமானத்தில் ஏற வேண்டியதுதான்.

நம் சிகாகோ பயணி இன்னொரு வகை. அவர் விரும்பி நிற்கவில்லை. இணைப்பு விமானம் தவறியதால் நிற்கிறார். விமானம் ரத்தானவர்களும் இப்படித்தான் வந்து சேர்வார்கள்.

மூன்றாவது வகையைப் பார்த்தால் அடையாளம் தெரியாது. சாதாரணப் பயணி மாதிரியே ஒரு கைப்பையோடு நிற்பார்கள். விமான நிறுவன ஊழியர்கள், அவர்களது குடும்பத்தினர். ‘நான் ரெவ்’ என்பது இவர்களுக்கு அந்தத் துறையில் வழங்கும் பெயர். அதாவது, நிறுவனத்துக்கு வருமானம் தராத பயணி. வரியும் சின்னக் கட்டணமும் மட்டும் கட்டிப் பறப்பார்கள். வேறு நிறுவனத்தின் விமானத்தில் 90 சதவீதத் தள்ளுபடியில் போகும் டிக்கெட்டுக்கு ‘ஐடி 90’ என்றே பெயர். கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் பண்டிகைக் கால வார இறுதியில் விமானம் விமானமாக ஏமாந்து, கடைசியில் விமான நிலைய நாற்காலியில் படுத்துத் தூங்குபவர்களும் இவர்கள்தான்.

எல்லாம் விற்றுத் தீர்ந்த விமானத்தில் சீட் எப்படி வரும்?

இங்கேதான் ஓவர் புக்கிங் என்ற பழைய சங்கதி வருகிறது. டிக்கெட் வாங்கிய எல்லோரும் விமான நிலையத்துக்கு வருவதில்லை. ஒருவர் தூங்கிவிடுவார், ஒருவர் டிராஃபிக்கில் மாட்டுவார், ஒருவரின் முந்தைய விமானம் தாமதமாகும். 180 சீட் உள்ள விமானம். நூற்றுக்கு ஐந்து பேர் வரமாட்டார்கள் என்பது அந்தத் தடத்தின் பழைய அனுபவம் என்று ஒரு உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். நிறுவனம் 186 டிக்கெட் விற்கும். அதில் 9 பேர் வரவில்லை என்றால், வந்தவர்கள் 177 பேர். மூன்று சீட் காலி. ஸ்டாண்ட்பை வரிசை மொத்தமும் காத்திருப்பது அந்த மூன்று சீட்டுக்காகத்தான்.

கணக்கு தப்பி 183 பேர் வந்து நின்றால்? ஸ்டாண்ட்பை ஆட்கள் யாருக்கும் இடம் இல்லை. அதோடு, சீட் உறுதி என்று டிக்கெட் வாங்கிய மூன்று பேரும் இறங்க வேண்டும். அவர்களும் அதே கவுன்ட்டருக்குத்தான் வருவார்கள். அடுத்த விமானத்தின் அதே லிஸ்ட்டில்தான் அவர்கள் பெயரும் ஏறும். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பிறகு இதற்கே திரும்ப வர வேண்டியிருக்கிறது.

இன்னொரு விநோதமும் உண்டு. கண்ணுக்கு முன்னால் சீட் காலியாக இருக்கும், ஆனாலும் ஆளை ஏற்ற மாட்டார்கள். கொலம்பஸ் மாதிரி ஊர்களுக்கு 50, 70 சீட் கொண்ட சின்ன ஜெட் விமானங்கள் போகும். போகும் ஊரில் வானிலை சரியில்லை என்றால் வேறு ஊருக்குத் திருப்ப வேண்டிவரும் என்று கூடுதல் எரிபொருள் நிரப்புவார்கள். எடை கூடிவிடும். கடும் வெயில் நாளிலும் விமானம் தூக்கக்கூடிய எடை குறையும். அப்போது நான்கு சீட் சும்மாவே பறக்கும். ஸ்டாண்ட்பையில் நிற்பவர் கேட் ஏஜென்ட்டோடு சண்டை போட்டுப் பயனில்லை.

மூன்று எப்படி ஐந்தானது?

ஸ்டாண்ட்பை லிஸ்ட் என்பது வந்த நேரப்படி நிற்கும் வரிசை அல்ல. தகுதிப்படி அடுக்கிய வரிசை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு சூத்திரம் உண்டு. விவரங்கள் மாறும், ஆனால் எலும்புக்கூடு பெரும்பாலும் ஒன்றுதான்.

நிறுவனத்தின் தவறால் பாதிக்கப்பட்டவர்கள் மேலே இருப்பார்கள்: விமானத்தில் இருந்து இறக்கப்பட்டவர்கள், விமானம் ரத்தானவர்கள், இணைப்பைத் தவறவிட்டவர்கள். அதற்குக் கீழே, விருப்பப்பட்டு முன்னதாகக் கிளம்ப நிற்பவர்கள். இவர்களுக்குள்ளும் அடிக்கடி பறந்து தங்கம், பிளாட்டினம் என்று அந்தஸ்து வாங்கியவர்களுக்கு முன்னுரிமை. அந்தஸ்து சமம் என்றால் டிக்கெட்டின் கட்டண வகை பார்க்கப்படும். அதுவும் சமம் என்றால்தான் ‘யார் முதலில் பெயர் கொடுத்தது’ என்ற, நாம் எல்லோரும் முதல் விதி என்று நினைத்துக்கொண்டிருக்கும் விதி வரும். எல்லோருக்கும் கடைசியில் ஊழியர்கள். அவர்களுக்குள் சில நிறுவனங்களில் பணி மூப்பு, சிலவற்றில் செக்-இன் செய்த நேரம்.

ஊழியர்களிலும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. வேறு ஊரில் இருந்து விமானம் ஓட்டவேண்டிய பைலட்டும் பணிக்குழுவும் பயணியாக ஏறிப் போவதுண்டு. அவர்கள் ஊழியர்தான், ஆனால் வரிசையின் கடைசியில் நிற்க மாட்டார்கள். வரிசைக்கே வெளியே, எல்லோருக்கும் மேலே. அவர்கள் போகவில்லை என்றால் அங்கே இன்னொரு விமானமே கிளம்பாது என்பது நிறுவனத்தின் நியாயம்.

ஆக, நம் பயணி காபி வாங்கப் போன நேரத்தில் வேறொரு விமானம் ரத்தாகி, அந்தஸ்து அட்டை வைத்திருந்த இருவர் லிஸ்ட்டில் ஏறியிருக்கலாம். அவர் பின்னால் போனதற்கு அவ்வளவுதான் காரணம். ஆனால் திரையில் அது தெரியாது. குடும்பப் பெயரின் முதல் மூன்று எழுத்து, சொந்தப் பெயரின் முதல் எழுத்து, ஓர் எண். இவ்வளவுதான் தெரியும்.

இந்தத் திரையில் தமிழர்களுக்கென்று ஒரு தனித் தலைவலி. நம் ஊர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பலருக்கும் அப்பா பெயர்தான் இருக்கும். அதனால் திரையில் ‘கார்த்திக்’கைத் தேடிக்கொண்டிருப்பவர், ‘சுப்பிரமணியன்’ என்ற அப்பா பெயரின் முதல் மூன்று எழுத்தைத்தான் தேட வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் ‘எஃப்என்யூ’ என்று அச்சாகும், சொந்தப் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம். டிக்கெட்டும் அப்படியே பதிவாகியிருந்தால், திரையில் அவர் ஓர் ‘எஃப்’ ஆகத்தான் இருப்பார். பெயர் வந்து போனதே தெரியாமல் உட்கார்ந்திருக்க இது போதும்.

ஸ்டாண்ட்பை ஒரு காலத்தில் மலிவு டிக்கெட்

இன்றைக்கு ஸ்டாண்ட்பை என்றால் பதற்றம். ஆனால் அரை நூற்றாண்டுக்கு முன் அது இளைஞர்களின் சலுகை. 1966-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 22 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, கேட்டில் காத்திருக்கச் சம்மதித்தால் பாதி விலைக்கு டிக்கெட் கொடுத்தது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. அரசு கட்டணத்தை நிர்ணயித்த காலம் அது. சீட்டுகள் பெரும் எண்ணிக்கையில் காலியாகவே பறந்தன. சும்மா போகும் சீட்டில் பாதிப் பணமாவது வரட்டுமே என்ற கணக்கு.

அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம் ஃப்ரெடி லேக்கர் என்ற பிரிட்டிஷ் தொழிலதிபர் இன்னும் ஒரு படி மேலே போனார். 1977 செப்டம்பர் 26-ல் லண்டன் கேட்விக்கில் இருந்து நியூயார்க்குக்கு ‘ஸ்கைட்ரெய்ன்’ தொடங்கினார். முன்பதிவே கிடையாது. 59 பவுண்டு கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நில், இடம் இருந்தால் ஏறு. டவுன்பஸ் மாதிரி. மொத்த விமானமுமே ஸ்டாண்ட்பை! பெரிய நிறுவனங்களும் போட்டிக்கு மலிவு ஸ்டாண்ட்பை டிக்கெட் விற்க வேண்டியதாயிற்று. 1982 பிப்ரவரியில் லேக்கர் நிறுவனம் திவாலானது.

அந்தக் காலம் இனி வராது. 1978-ல் அமெரிக்காவில் கட்டணக் கட்டுப்பாடு நீங்கியது. எந்த சீட்டை எந்த நாளில் என்ன விலைக்கு விற்றால் விமானம் நிரம்பும் என்று கணினிகள் கணக்குப் போட ஆரம்பித்தன. 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பிப் பறப்பதுதான் இப்போது சாதாரணம். மலிவு விலைக்காகக் காத்திருந்த வரிசை போய், தவறிப்போனவர்களின் வரிசை வந்துவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை.

ஒரே சொல், இரண்டு பயணி

இந்தப் பெயர் மாறாததில்தான் சிக்கலே இருக்கிறது. சீக்கிரம் வீட்டுக்குப் போக ஆசைப்பட்டு நிற்பவரும் ஸ்டாண்ட்பை. முழுப் பணம் கட்டி, சீட் உறுதி என்று டிக்கெட் வாங்கி, நிறுவனம் அதிகமாக விற்றதால் இறக்கப்பட்டு நிற்பவரும் ஸ்டாண்ட்பை. திரையில் இருவரும் ஒன்றுதான். சட்டத்தில் ஒன்றல்ல.

முதலாமவர் எதையும் இழக்கவில்லை, அவருக்கு உரிமையும் இல்லை. இரண்டாமவருக்கு இருக்கிறது. அந்த உரிமை சும்மா வந்துவிடவில்லை. 1972 ஏப்ரலில் வாஷிங்டனில் இருந்து ஹார்ட்ஃபோர்டு போக டிக்கெட் எடுத்திருந்தார் நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நாடர். அலெகெனி ஏர்லைன்ஸ் கவுன்ட்டரில், சீட் எல்லாம் நிரம்பிவிட்டது என்றார்கள். ஆள் மாறி மோதிவிட்டார்கள். அதிகமாக விற்பதை மறைத்தது மோசடி என்று வழக்குப் போட்டார் நாடர். வழக்குத் தொடர அவருக்கு உரிமை உண்டு என்று 1976-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் விதிகள் மாறின. யாரையும் கட்டாயப்படுத்தி இறக்கும் முன், விருப்பப்பட்டு விட்டுக்கொடுக்க யாராவது இருக்கிறார்களா என்று ஏலம் மாதிரிக் கேட்க வேண்டும் என்பது அதில் முக்கியமானது. ஜூலியன் சைமன் என்ற பொருளாதார வல்லுநர் 1960-களிலேயே சொன்ன யோசனை இது. அப்போது விமான நிறுவனங்கள் சிரித்தன. இன்று உலகம் முழுக்க கேட்டுகளில் ஒலிக்கும் ‘சீட்டை விட்டுத்தர யாராவது தயாரா?’ அறிவிப்புக்கு மூலம் அதுதான்.

இன்றைய அமெரிக்க விதி இது: கட்டாயப்படுத்தி இறக்கப்பட்டவர் உள்நாட்டுப் பயணத்தில் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் ஒருவழிக் கட்டணத்தில் 200 சதவீதம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் 400 சதவீதம் இழப்பீடு. 2025 ஜனவரியில் இதன் உச்சவரம்பு 1,075 டாலராகவும் 2,150 டாலராகவும் உயர்த்தப்பட்டது. வவுச்சர்தான் தருவோம் என்றால் வேண்டாம் என்று சொல்லி, காசோலையாகவோ பணமாகவோ கேட்கலாம். ஏன் இறக்கினார்கள், யாரை எந்த அடிப்படையில் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை எழுத்தில் தரவேண்டியதும் நிறுவனத்தின் கடமை. மாற்று விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் சேர்த்துவிட்டாலோ, சின்ன விமானம் மாற்றப்பட்டதால் இடம் இல்லாமல் போனாலோ இழப்பீடு கிடையாது.

எண்ணிக்கையாகப் பார்த்தால் கட்டாயமாக இறக்கப்படுவது பத்தாயிரம் பேரில் ஒருவருக்குக்கூட நடப்பதில்லை. ஆனால் அந்த ஒருவர் யார் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்வி 2017 ஏப்ரல் 9-ம் தேதி உலகம் முழுக்க வீடியோவாகப் பரவியது. அதே ஓ'ஹேர் விமான நிலையம். லூயிவில் போகும் யுனைடெட் விமானம். பயணிகள் எல்லாம் ஏறி உட்கார்ந்தாச்சு. மறுநாள் அங்கே விமானம் ஓட்ட வேண்டிய பணிக்குழுவினர் நான்கு பேருக்கு சீட் வேண்டும் என்றார்கள். 800 டாலர் வரை தருவதாகச் சொல்லியும் போதுமான ஆட்கள் எழவில்லை. கணினி தேர்ந்தெடுத்த பயணிகளில் ஒருவரான 69 வயது மருத்துவர் மறுத்தார். விமான நிலையப் பாதுகாவலர்கள் அவரை சீட்டில் இருந்து பிய்த்து இழுத்துக்கொண்டு போனார்கள். மூக்கு உடைந்தது, இரண்டு பற்கள் போயின.

முதலில் ஓவர் புக்கிங் என்றார்கள். பிறகு அப்படி இல்லை என்று நிறுவனமே சொன்னது. டிக்கெட் அதிகமாக விற்கப்படவே இல்லை, வரிசைக்கு வெளியே இருந்து நான்கு பேர் வந்துவிட்டார்கள், அவ்வளவுதான். பயணிக்குத் தெரியாத ஒரு முன்னுரிமைப் பட்டியல் எப்படி வேலை செய்யும் என்பதை இதைவிட அப்பட்டமாகக் காட்ட முடியாது. அதன்பின் விட்டுக்கொடுப்பவருக்கு 10,000 டாலர் வரை தரலாம் என்று யுனைடெட் விதியை மாற்றியது. போர்டிங் பாஸ் ஸ்கேன் ஆகி ஏறி உட்கார்ந்தவரை, பாதுகாப்புக் காரணம் போன்றவை தவிர, கட்டாயமாக இறக்கக் கூடாது என்று 2018-ல் சட்டமே வந்தது.

கவனித்துப் பார்த்தால் இத்தனை விதியும் சீட் உறுதியானவருக்குத்தான். இறக்குவதற்கான வரிசையைச் சொல்லும்படி சட்டம் கேட்கிறது. ஏற்றுவதற்கான வரிசையை, அதாவது ஸ்டாண்ட்பை லிஸ்ட் எப்படி அடுக்கப்பட்டது என்பதைக் கேட்டில் நிற்பவருக்குச் சொல்லும்படி அது கேட்பதில்லை.

இந்தியாவில் என்ன நிலை?

இங்கே உள்நாட்டு விமானங்களில் ஸ்டாண்ட்பை முறை பயணிகளிடம் பெரிதாகப் பழக்கத்தில் இல்லை. அதிகமாக விற்பது மட்டும் இங்கேயும் உண்டு. விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ விதிப்படி, இங்கேயும் முதலில் விருப்பப்பட்டு விட்டுத்தருபவர்களைத்தான் கேட்க வேண்டும். கட்டாயமாக இறக்கினால், ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பும் மாற்று விமானம் கொடுத்தால் இழப்பீடு இல்லை. 24 மணி நேரத்துக்குள் என்றால் ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையில் 200 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். அதற்கும் மேல் என்றால் 400 சதவீதம், அதிகபட்சம் 20,000 ரூபாய்.

இந்தத் தொகைகள் 2016 ஆகஸ்டில் அமலுக்கு வந்தவை. தீபாவளிக்கு முந்தின நாள் பெங்களூரு, ஹைதராபாத்தில் இருந்து ஊருக்கு டிக்கெட் போட்டுப் பார்த்தவர்களுக்கு 10,000 ரூபாயின் மதிப்பு என்னவென்று தெரியும். விலைவாசிக்கு ஏற்ப உச்சவரம்பை அவ்வப்போது உயர்த்தும் ஏற்பாடு அமெரிக்க விதியிலேயே இருக்கிறது. இங்கேயும் அதைச் செய்யலாம், அதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டியதில்லை. இருக்கும் தொகையைக் கொடுக்க வைக்கவே ஒழுங்குமுறை அமைப்பு மெனக்கெட வேண்டியிருக்கிறது என்பதும் உண்மை. 2022 ஜூனில், இறக்கப்பட்ட பயணிகளுக்கு இழப்பீடு தராததற்காக ஏர் இந்தியாவுக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது டிஜிசிஏ.

ரயில்வேயைப் பார்த்துக் கற்கலாம்

நம்ம ஊர் ஆட்களுக்கு வெயிட்டிங் லிஸ்ட் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. டிக்கெட் போட்ட உடனே வெயிட்டிங் லிஸ்ட் 42 என்று தெரியும். எந்த ஒதுக்கீட்டில் நிற்கிறோம், பொதுவா, இடைநிலை ஊர்களுக்கானதா என்பது டிக்கெட்டிலேயே இருக்கும். காலையில் 19, மதியம் 6, சார்ட் போட்டபின் ஆர்ஏசி. பாதி பெர்த்தில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தாலும், ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியும். அவசர ஒதுக்கீடு என்று விஐபி கடிதங்களுக்கு ஒரு தனி வழி இருப்பதை மறுக்க முடியாது. ஆனால் அதற்கும் பெயர் இருக்கிறது, சார்ட் போடும் நேரம் என்று ஒரு கெடு இருக்கிறது. எண் கூடிக்கொண்டே போகாது, குறையத்தான் செய்யும்.

விமான ஸ்டாண்ட்பையில் எண் கூடலாம். அதுகூடத் தவறில்லை. ரத்தான விமானத்தின் பயணியை, ஆசைக்கு நிற்பவருக்கு முன்னால் ஏற்றுவது நியாயம்தான். ஏன் கூடியது என்று சொல்லாமல் இருப்பதுதான் தவறு. பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குறியீடு போதும்: இறக்கப்பட்டவர், இணைப்பு தவறியவர், விருப்பத்தில் நிற்பவர், ஊழியர். இந்த நான்கும் நிறுவனத்தின் கணினியில் ஏற்கெனவே இருக்கின்றன. அதை வைத்துத்தானே வரிசையே போடுகிறார்கள்?

அந்தரங்கம் பாதிக்கப்படும் என்று நிறுவனங்கள் சொல்லலாம். சில ஆண்டுகளுக்கு முன்வரை பெட்டிக்கு வெளியே பெயர், வயது, ஆணா பெண்ணா என்று எல்லாம் அச்சடித்துப் பசை தடவி ஒட்டிய நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் சிரிப்பாக இருக்கும். அதுவும் சரியில்லைதான். ஆனால் மூன்று எழுத்துப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறியீடு போடுவதால் யாருடைய அந்தரங்கமும் போய்விடாது. போவது, கேட் ஏஜென்ட் யாரை வேண்டுமானாலும் மேலே ஏற்றிவிட்டார் என்ற சந்தேகம் மட்டும்தான். ஏஜென்ட்டுக்கும் அது நிம்மதி. இரவு 10 மணிக்கு நாற்பது பேரின் கோபத்தை வாங்கிக்கொள்பவர் அவர்தான், சூத்திரம் எழுதியவர் அல்ல.

குறியீடு வரும்வரை பயணியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. கவுன்ட்டரில் ஸ்டாண்ட்பை என்று சொன்னதும், ‘எனக்கு எந்த விமானத்தில் சீட் உறுதியாக இருக்கிறது?’ என்று கேட்க வேண்டும். அந்த பதில் இல்லாமல் கேட்டுக்குப் போகக் கூடாது. போர்டிங் பாஸில் ‘சீட் கேட்டில் ஒதுக்கப்படும்’ என்று இருந்தால் அது ஸ்டாண்ட்பை அல்ல. மலிவு டிக்கெட்டில் சீட் எண் முன்பே தராமல் விடுவது வழக்கம், டிக்கெட் உறுதிதான். ஆனால் விமானம் நிரம்பி வழிந்தால் இறக்கப்படுபவர்களில் சீட் எண் இல்லாதவர் முதலில் சிக்கக்கூடும் என்பதால், செக்-இன் திறந்த உடனே முடித்துவிடுவது நல்லது. சீட்டை விட்டுத்தருகிறேன் என்று கையெழுத்துப் போட்டவர் கட்டாயமாக இறக்கப்பட்டவர் ஆக மாட்டார். அவருக்குப் பேசியது மட்டும்தான் கிடைக்கும், அதனால் போடுவதற்கு முன் படிக்க வேண்டும்.

சென்னை டு சிகாகோ ஒரு டிக்கெட், சிகாகோ டு கொலம்பஸ் வேறு டிக்கெட் என்று தனித்தனியாக வாங்கி நூறு டாலர் மிச்சம் பிடிப்பவர்கள் நிறைய. எல்லாம் சரியாக நடந்தால் லாபம்தான். முதல் விமானம் தாமதமானால், இரண்டாவது நிறுவனத்தின் கணக்கில் அவர் இணைப்பு தவறியவர் அல்ல, வராமல் போனவர். ஸ்டாண்ட்பையில் சேர்ப்பதுகூட அவர்கள் தயவு. ஒரே டிக்கெட்டாக இருந்தால் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு நிறுவனத்தின் தலையில்.

நம் பயணியுடையது ஒரே டிக்கெட். இரவின் முதல் விமானத்தில் அவர் பெயர் ஐந்தில் இருந்து இரண்டு வரை வந்து நின்றுவிட்டது. கதவு மூடியதும் லிஸ்ட்டில் மிச்சம் இருந்தவர்கள் அடுத்த விமானத்தின் லிஸ்ட்டுக்கு மாறினார்கள். அங்கே கிளம்புவதற்கு 15 நிமிடம் இருக்கும்போது கேட்டில் இருப்பவர், வராதவர்களின் சீட்டை விடுவித்துப் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். மூன்றாவது கூப்பிட்டது அவருடைய அப்பா பெயர். எழுந்து ஓடினார். சீட் 23பி, நடு சீட். கொலம்பஸில் இறங்கிப் பெல்ட்டைப் பார்த்தால் பெட்டி இல்லை. விசாரித்ததில், அது காலை 7 மணி விமானத்தில் வருகிறதாம். அதற்கு சீட் உறுதியாக இருந்தது.